ஜாம்பி சர்வரில் எங்கள் குழு ஏன் நிலைப்பதில்லை? அர்பன் டெட் ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மல்ட்ரா வாசி கேட்டது:

வணக்கம். நானும் கூடப் படித்த நண்பர்களும் சேர்ந்து ப்ராஜெக்ட் ஸாம்பாய்டு என்ற ஜாம்பி கேமில் ஒரு தனி சர்வர் வைத்திருக்கிறோம். இன்னும் பில்டு 41 பதிப்புதான். மொத்தம் எட்டுப் பேர். ஆறு பேர் தமிழ்நாட்டில் வெவ்வேறு ஊர்களில், ஒருவன் துபாயில், ஒருத்தி டொராண்டோவில். பழகிய இடம் என்பதால் எப்போதும் கேமில் உள்ள மல்ட்ரா ஊரில்தான் தொடங்குவோம்.

ஆரம்பம் நன்றாகவே இருக்கும். கிடங்கைச் சுற்றி வேலி போடுவோம், ஜன்னல்களுக்குப் பலகை அடிப்போம், சாப்பாட்டை ஒரே இடத்தில் சேர்ப்போம். கரண்டும் தண்ணீரும் நின்றபிறகுதான் எல்லாம் குலையத் தொடங்கும். ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் லூயிவில் நகரத்துப் பக்கம் கார் எடுத்துப் போவான், திரும்பும்போது ஒரு ஜாம்பிக் கூட்டத்தையே பின்னால் இழுத்து வருவான். இன்னொருவன் நல்ல கோடரிகளையெல்லாம் தன் பெட்டிக்குள் வைத்துக்கொள்வான். போன முறை ஒருவன் கடிபட்டதை மறைத்துவிட்டான். கடி என்றால் சாவுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். ராத்திரி உள்ளே செத்து எழுந்து, பக்கத்தில் இருந்த இரண்டு பேரையும் முடித்துவிட்டான்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் நன்றாக ஆடுகிறவர்கள். டிஸ்கார்டில் பேச்சுக்கும் குறைவில்லை. ஆனால் குழுவாக நிற்க முடியவில்லை.

2025 மார்ச்சில் மூடப்பட்ட அர்பன் டெட் என்ற பழைய ஆன்லைன் ஜாம்பி கேம் பற்றி இப்போதுதான் படித்தேன். படமே கிடையாது, வெறும் பிரவுசர் பக்கம், குரல் வசதி கிடையாது, ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. அப்படியும் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து ஒரு ஷாப்பிங் மால் கட்டடத்தை மாதக்கணக்கில் காப்பாற்றினார்கள் என்கிறார்கள். எப்படி? அதை ஆடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். குழுவில் ஒவ்வொரு நாளும் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று தெரிந்தால் போதும்.

---

ஆணி பலகை எழுதியது:

அர்பன் டெட் நான் ஆடியதில்லை. ஸாம்பாய்டு பற்றி மட்டும் சொல்கிறேன்.

எல்லாரும் எல்லா வேலையும் கற்றுக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள். ஜெனரேட்டரை இயக்கக் கற்றுத்தரும், கேமுக்குள் இருக்கும் பத்திரிகையை ஒருவர் படித்தால் போதும். தச்சு வேலை ஒருவருக்கு, வைத்தியம் ஒருவருக்கு, வண்டி மெக்கானிக் ஒருவருக்கு. ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தேவையான ஒன்று இருந்தால் யாரும் லேசில் பிரிந்து போக மாட்டார்கள். அப்புறம் கடி விஷயம். எங்கள் குழுவில் வெளியே போய் வருகிறவர் யாராக இருந்தாலும் வேலிக்கு வெளியே நின்று வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சந்தேகப்படுகிறோம் என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் வைத்தியருக்கும் அதே விதிதான்.

---

பழைய மோடம் எழுதியது:

நான் ஆடியிருக்கிறேன். 2006இல் சென்னையில் நைட் ஷிஃப்ட் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்த கேமும் ஏறாது, ஆனால் அர்பன் டெட் வெறும் எழுத்துப் பக்கம் என்பதால் திறக்கும். அப்படித்தான் உள்ளே போனேன். அது மூடப்பட்ட அன்று நிஜமாகவே வருத்தப்பட்டேன். 2005 ஜூலையில் இங்கிலாந்தில் கெவன் டேவிஸ் என்ற ஒரே ஆள் தொடங்கி, கடைசிவரை அவரே நடத்தியது. அங்கே வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்புகளைத் தனியாள் ஒருவர் தாங்க முடியாது என்ற நிலையில் மூடினார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு விதிகளைச் சொல்லாமல் மற்றது புரியாது.

மால்டன் என்ற நகரம். நூறுக்கு நூறு கட்டம், மொத்தம் பத்தாயிரம் இடங்கள். உங்களிடம் அதிகபட்சம் 50 செயல்புள்ளிகள் இருக்கும், அதை ஏபி என்போம். ஒரு அடி நடந்தால் ஒன்று, ஒரு முறை தேடினால் ஒன்று, ஒரு முறை சுட்டால் ஒன்று. அரை மணிக்கு ஒன்று வீதம் திரும்ப ஏறும். அதாவது ஒரு நாளைக்கு 48. பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் செலவழித்துவிடலாம், அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது விதிதான் முக்கியம். நீங்கள் பிரவுசரை மூடினாலும் உங்கள் ஆள் அங்கேயே கிடப்பார். மறைய மாட்டார். தெருவில் ஏபி தீர்ந்தால் தெருவில்தான். ஜாம்பியாக ஆடுவதும் மனிதர்கள்தான் என்பதால் எந்த நேரமும் யாராவது வந்து கடிக்கலாம். ஒரு நாளில் நீங்கள் விழித்திருப்பது பத்து நிமிடம், மீதி நேரம் முழுக்கத் தூக்கம். அந்தத் தூக்கத்தை உங்களுக்குத் தெரியாத ஆட்கள் காவல் காக்க வேண்டும்.

இதனால் என்ன ஆகிறது என்றால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாக வாழ வழியே இல்லை. உங்கள் நண்பர்கள் லூயிவில் பக்கம் தனியாகப் போகிறார்கள் என்றால் போக முடிகிறது, அதனால் போகிறார்கள். மால்டனில் அது முடியாது.

நாங்கள் தினமும் செய்த வேலையைக் கேட்டீர்கள். என்னுடையது தடுப்பு அடுக்குவது. காலையில் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குப் பக்கத்தைத் திறப்பேன். மேலேயே, கடைசியாக நீ ஆடியதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒரு பட்டியல் வரும். இன்னார் பேசினார், ஒரு ஜாம்பி உள்ளே வந்தது, இன்னாரைக் கொன்றது, இன்னார் உனக்கு மருந்து போட்டார், பத்துப் புள்ளி ஏறியது. அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது வரும் உணர்வை இன்றைக்கும் மறக்கவில்லை. அவர் யாரென்று தெரியாது. டயக்னோசிஸ் திறமை இருந்தால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் உயிர்ப்புள்ளி எண் தெரியும். என் பெயருக்குப் பக்கத்தில் எண் குறைந்திருப்பதைப் பார்த்து, தன் 48இல் ஒன்றை எனக்காகச் செலவழித்துவிட்டுப் போயிருக்கிறார். நானும் அடுத்த பெயருக்கு அதையே செய்வேன். பிறகு கதவுக்கு நாற்காலி, மேஜை, அலமாரி என்று கிடைத்ததை அடுக்குவேன். தடுப்பு உயர உயர அடுத்த பொருள் நிற்பது கடினம், பாதி ஏபி வீணாகும். அதையும் செலவழித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வேலைக்கு அனுபவப்புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. ஜாம்பியைச் சுட்டால் புள்ளி உண்டு, மருந்து போட்டால் புள்ளி உண்டு, தடுப்புக்கு இல்லை. ஆனால் மால் கட்டடத்தை விழாமல் காத்தது தடுப்புதான். சுட்டு வீழ்த்திய ஜாம்பி, கணுக்கால் பிடிக்கும் திறமை இருந்தால் ஒரே ஏபியில் எழுந்துவிடும். தலையில் சுட்டால் இன்னும் ஐந்து கூடும், அவ்வளவுதான். நீங்கள் அதற்காகத் தேடிச் சேர்த்த தோட்டாவுக்கு ஒரு நாள் போயிருக்கும். எங்களிடம் வந்த புதியவர்களுக்கு முதலில் சொன்னது இதைத்தான்: உள்ளே வந்த ஜாம்பியைச் சுடு, வெளியே தெருவில் நிற்பதைச் சுடாதே, அந்த ஏபியை வைத்து அடுக்கு.

செத்து ஜாம்பியானவர்களைத் திரும்ப மனிதராக்குவது இன்னும் செலவு. நெக்ரோடெக் என்ற ஆய்வு நிறுவனத்தின் கட்டடத்தில் ஜெனரேட்டர் ஓடினால் அங்கே ஒரு ஊசி தயாரிக்கலாம், அதற்கு 20 ஏபி. போட 10. போய்வர நடை வேறு. ஊசி செய்து போட்டால் ஒரு ஆளின் ஒரு முழு நாள் அதிலேயே போய்விடும். அப்படித் தங்கள் நாளைக் கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். கல்லறைத் தோட்டம் மாதிரி ஒரு இடத்தை மீட்பு இடம் என்று குறித்துவைப்போம். மனிதராக விரும்பும் ஜாம்பிகள் அங்கே வந்து சும்மா நிற்கும். விஞ்ஞானி ஒருவர் வருவார், வரிசையாகச் சோதிப்பார், ஊசி போட்டுவிட்டுப் போவார்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய ஜாம்பிக் குழுக்கள் தாக்க நேரம் குறித்துக்கொண்டு வருவார்கள், பெரும்பாலும் அமெரிக்க இரவு. நியூயார்க்கில் கோடைக்கால இரவு எட்டு மணி என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. அங்கே ஆட்கள் படுத்தபிறகு நமக்குப் பகல் தொடங்கும். அந்த நேரத்தில் விழித்திருக்க ஒரு குழுவில் ஆசியாவில் இருப்பவர்கள் நாலு பேராவது வேண்டும். எனக்குக் குழுவில் மதிப்பு வந்ததே அதனால்தான். நான் பிரமாதமாக ஆடியவன் அல்ல, மற்றவர்கள் தூங்கும்போது விழித்திருந்தவன். உங்கள் டொராண்டோ தோழியை நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றுதான் படுகிறது.

---

மல்ட்ரா வாசி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை.

ஒரு சிக்கல். ஸாம்பாய்டில் ஆட்டத்தை விட்டு வெளியேறினால் ஆளும் மறைந்துவிடுகிறான். நீங்கள் சொன்ன அந்தத் தூக்கம் எங்களுக்கு இல்லை. பிறகு எதற்காக ஒருவன் இன்னொருவனை நம்பி இருக்கப்போகிறான்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கல்லூரி ஜூனியர்கள் இரண்டு பேர் சேரட்டுமா என்று கேட்கிறார்கள். இதுவரை ஆடியதே இல்லை. பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். சத்தம் போடுவார்கள், கதவைத் திறந்துபோடுவார்கள் என்று பயம். நீங்கள் புதியவர்களை எப்படிச் சேர்த்தீர்கள்?

---

கதவுத்தட்டி எழுதியது:

நான் மறுபக்கம் ஆடியவன். அர்பன் டெட்டில் கடைசிவரை ஜாம்பிதான். பழைய மோடம் சொன்னதில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது: எங்களிடமும் அதே ஒற்றுமை இருந்தது. அது இல்லாமல் எந்த மாலும் விழுந்திருக்காது.

எங்களுக்குப் பேசக்கூட முடியாது. பேச்சுத் திறமை வாங்கினால்தான் வாயே திறக்கும், அதுவும் எட்டு ஆங்கில எழுத்துகளில்: ஏ, பி, ஜி, ஹெச், எம், என், ஆர், இஸட். அதை வைத்தே ஒரு மொழி உண்டாயிற்று. மனிதன் என்பதற்கு 'ஹர்மன்', வெற்றிக் கூச்சலுக்கு 'பர்ஹா'. உள்ளே மனிதர்கள் இருந்தால் முனகல் எழுப்புவோம். ஆள் அதிகமென்றால் அது அதிகத் தொலைவுக்குக் கேட்கும். எந்தக் குழுவிலும் இல்லாத ஜாம்பிகூட முனகலைக் கேட்டு நடந்துவந்துவிடும். ரிட்லிபேங்க் ரெசிஸ்டன்ஸ் ஃப்ரன்ட் என்ற பெரிய ஜாம்பிக் குழுவைப் பற்றி மனிதர்களாக ஆடிய எல்லாரும் அறிந்திருப்பார்கள்.

புதியவர்கள் பற்றிக் கேட்டீர்கள். புது ஜாம்பிக்குத் தடுப்பை உடைப்பது மிகக் கடினம், மூடிய கதவைத் திறக்கக்கூட முடியாது. தெருவில் பட்டினியாக நிற்கும். அதற்காகவே அனுபவமுள்ளவர்கள் ஒரு திறமை வைத்திருந்தோம். உள்ளே போய் ஒரு மனிதனைக் கொல்லாமல், உயிர் குறைந்தவனாகப் பார்த்துத் தெருவுக்கு இழுத்துவந்து போடுவோம். கொன்ற புள்ளி புதியவனுக்குப் போகும். நாங்கள் உடைத்த தடுப்பு, நாங்கள் அடித்த ஆள், ஆனால் சாப்பாடு அவனுக்கு. அப்படி ஊட்டிவிட்டவர்கள் பிறகு பல வருடம் கூடவே நின்றார்கள்.

---

பழைய மோடம் எழுதியது:

கதவுத்தட்டி சொல்வது முழுக்க உண்மை. எங்கள் மால் கட்டடத்தைக் கடைசியில் உடைத்தவர்கள் எங்களைவிட ஒழுங்காக வந்தவர்கள்தான். 2005-06இல் மால்டனின் கெய்கர் மால் முற்றுகைகள் அவ்வளவு பேசப்பட்டதற்கும் அதுவே காரணம், இரண்டு பக்கமும் ஒழுங்கு இருந்தது.

தம்பி, ஜூனியர்கள் விஷயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். எங்கள் குழுவில் பெரிய சண்டைகள் எல்லாமே இதைப் பற்றித்தான்.

தடுப்புக்குப் படிகள் உண்டு. 'மிகப் பலமானது' என்ற படிவரை தெருவிலிருந்து மனிதர் ஏறி உள்ளே வரலாம். அதற்கு மேல் 'கனமானது' ஆகிவிட்டால் தெருவிலிருந்து யாருமே நுழைய முடியாது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து தாவிவரும் ஃப்ரீ ரன்னிங் திறமை உள்ளவர்கள் மட்டும் வரலாம். புதியவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் திறமை இருக்காது.

உள்ளே இருப்பவனுக்கு என்ன தோன்றும்? இன்னும் ஒரு மேஜை போட்டால் இன்னும் பாதுகாப்பு. போட்டுவிடுவான். பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவனும் அப்படியே. இப்போது ஒரு புது ஆள் தெருவில் வருகிறான் என்று வையுங்கள். கையில் மூன்று ஏபி. போலீஸ் நிலையத்தை முயல்கிறான், முடியவில்லை. ஒரு கட்டம் நடந்து பள்ளிக்கூடத்தை முயல்கிறான், முடியவில்லை. அங்கேயே தெருவில் தூங்குகிறான். காலையில் அவன் ஜாம்பி. தடுப்பைத் தட்டும் கை ஒன்று கூடிவிட்டது. அந்த ஒரு மேஜை யாரையும் காப்பாற்றவில்லை, ஒரு எதிரியை உண்டாக்கிவிட்டது.

அதனால்தான் ஒவ்வொரு பேட்டைக்கும் தடுப்புத் திட்டம் எழுதி விக்கியில் போட்டோம். எந்தக் கட்டடம் முழுக்க அடைக்கப்பட வேண்டும், எது நுழைவாயிலாக 'மிகப் பலமான' படியிலேயே நிற்க வேண்டும் என்று வரைபடத்தோடு. விக்கி பார்க்காதவர்களுக்காகச் சுவரில் ஸ்ப்ரேயால் எழுதிவைப்போம்: இது நுழைவாயில், இதற்குமேல் அடுக்காதீர்கள். நுழைவாயில் கட்டடத்தில் தூங்குவது ஆபத்து, எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முறைபோட்டு அங்கே ஆள் இருப்போம், மருந்தோடு. அந்தத் திட்டத்தை மதித்த பேட்டைகள் நின்றன. தன் கட்டடத்தை மட்டும் பார்த்துக்கொண்ட பேட்டைகளில் சுற்றிலும் தெருவெல்லாம் ஜாம்பியாகி, கடைசியில் அந்தக் கட்டடமும் போயிற்று.

ஆகவே ஜூனியர்களைச் சேர்க்கச் சொல்கிறேன், ஒரு தயக்கமும் இல்லாமல். ஆனால் நேராகக் கிடங்குக்குள் வேண்டாம். ஆணி பலகை சொன்ன வேலிச் சோதனையை அவர்களுக்கும் வையுங்கள், உங்களுக்கும் வையுங்கள்.

மறைந்துபோகும் ஆள் பற்றிய கேள்விக்கு: உங்கள் சர்வர் அமைப்பில் ஆளில்லாதபோது காலம் நிற்கும்படி இருக்கும். பாஸ்எம்ப்டி என்று பெயர், பொதுவாக அது இயங்கும் நிலையில்தான் வரும். அதை அணைத்துவிடுங்கள். பிறகு நீங்கள் தூங்கும்போதும் இறைச்சி கெடும், பயிர் வாடும், ஜெனரேட்டரில் பெட்ரோல் இறங்கும். உங்கள் ஆள் மறைந்தாலும் உங்கள் வீடு மறையாது. அதை யாராவது பார்த்துக்கொண்டாக வேண்டும். டொராண்டோவில் இருப்பவர் உங்கள் பின்னிரவில் வந்து ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றட்டும், பயிருக்குத் தண்ணீர் ஊற்றட்டும், செய்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாசலருகே வைக்கட்டும். விளையாட்டுக்குள் இருக்கிற நோட்டுதான், டிஸ்கார்டு வேண்டாம். டிஸ்கார்டில் பேசியது மேலே ஓடிப்போய்விடும், எழுதிவைத்த காகிதம் அங்கேயே இருக்கும். காலையில் உள்ளே வருகிறவன் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

கோடரியை ஒளித்துவைக்கும் நண்பரையும் திட்ட வேண்டாம். அவரையே சாமான் அறைக்குப் பொறுப்பாக்குங்கள். எங்கள் குழுவில் தோட்டா பதுக்கிய ஒருவர் இருந்தார். அவரிடமே ஜெனரேட்டர் எரிபொருள் கணக்கைக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் விளக்கு ஒரு நாளும் அணையவில்லை.

---

மல்ட்ரா வாசி எழுதியது:

பாஸ்எம்ப்டி இப்போதே அணைத்துவிட்டேன். டொராண்டோ தோழியிடம் கேட்டேன், 'இத்தனை நாளும் நான் வரும்போது நீங்கள் யாரும் இருக்க மாட்டீர்கள், என்ன செய்வதென்றே தெரியாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன்' என்கிறாள். நோட்டு எழுத ஒப்புக்கொண்டாள்.

ஜூனியர்களுக்கு எதிராக நின்ற நண்பர்களுக்கு உங்கள் தெருவில் தூங்கியவன் கதையைப் படித்துக்காட்டினேன். இரண்டு பேர் மனம் மாறிவிட்டார்கள், ஒருவன் இன்னும் முறைக்கிறான். நுழைவாயில் வீடு ஒன்று கட்டலாம் என்று இருக்கிறோம். எவ்வளவு தொலைவில் வைக்கலாம், அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

---

பழைய மோடம் எழுதியது:

கிடங்கிலிருந்து பார்த்தால் கதவு தெரிகிற தொலைவு. அதற்குமேல் போனால் உதவிக்கு ஓட முடியாது, அதைவிடக் கிட்ட வைத்தால் அங்கே வரும் கூட்டம் உங்களிடமும் வந்துவிடும். மாடி வீடு என்றால் நல்லது. கீழே ஜன்னல்களுக்குப் பலகை, மாடி ஜன்னல் ஒன்றில் போர்வைக் கயிறு, தப்பிக்க வழி. உள்ளே கட்டுத்துணி, கிருமிநாசினி, டின் சாப்பாடு, டப்பா திறப்பான், தண்ணீர், இரண்டு நல்ல ஆயுதங்கள். ஆயுதம் நிஜமாகவே நல்லதாக இருக்கட்டும், உடைந்த கரண்டியைப் போட்டுவைக்காதீர்கள். ஒரு வரைபடத்தில் கிடங்கு, கிணறு, போகக்கூடாத தெருக்கள் மூன்றையும் குறித்து மேஜைமேல் வையுங்கள்.

முதல் இரண்டு மூன்று இரவு உங்களில் ஒருவர் அவர்களோடு அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். முறைக்கிற நண்பரை முதல் ஆளாக அனுப்பிப் பாருங்கள்.

---

மல்ட்ரா வாசி எழுதியது:

அவன்தான் முதல் இரவு. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கட்டுத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமை ஜூனியர்கள் வருகிறார்கள்.